சாவிக்கடைச் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

என் உபதேசியாரே,

பெயிண்ட் அடித்துவிட்டு வந்து வேதம் சொல்கிற ஆளுக்கு இந்தப் பட்டத்தை வைத்தவளே நான்தான். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாய். நேரில் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். தாளில் யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே நீதான்.

இன்று மறுபடி இஸ்திரி வேலைக்குப் போனேன். “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே” என்றாள் சலவைக்கடை அம்மா. வீட்டில் இருந்து என்ன செய்ய? சாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று நீ போட்டிருந்த சட்டை கொடியில் கிடக்கிறது. முழங்கையில் நீலப் பெயிண்ட் காய்ந்து பொறுக்காக இருக்கிறது. துவைக்கவும் மனசில்லை, மடிக்கவும் மனசில்லை.

மார்ச் 5

சமைக்கவில்லை. யாருக்கு?

மார்ச் 8, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஜெபக்கூட்டத்து அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று பார்த்தால்—

“கீழ்க்கடை பாய்க்கு உன் வீட்டுக்காரர் வருஷக்கணக்கா சுவிசேஷம் சொன்னார். பாதியில விட்டுட்டுப் போயிட்டார். மிச்சத்தை நீதான் முடிக்கணும்.”

“நான் அஞ்சாம் கிளாஸோட நின்னவக்கா.”

“ஆண்டவர் வாயில வார்த்தை தருவார்.”

வார்த்தை தருகிறவர் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மூச்சைத் தந்திருக்கக் கூடாதா? வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். உன்னை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து நான் ஜெபம் பண்ணவில்லை. வாய் திறக்க மாட்டேன் என்கிறது. எனக்கே பிடிமானம் இல்லாததைப் பாய்க்கு எப்படிச் சொல்ல?

மார்ச் 11

ஜன்னலுக்கு நேர் கீழே பாய் கடை. சாயங்காலம் நான் காய் நறுக்குகிற நேரம் உன் குரல் மேலே ஏறி வரும். “பாய்க்கென்ன காது மந்தமா? ஏன் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறீங்க?” என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். “சாவி அறுக்கிற மெஷின் சத்தத்துல கேக்க வேணாமா?” என்பாய்.

இப்போது மெஷின் மட்டும் கேட்கிறது.

மார்ச் 14

கதவுப் பூட்டு சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கழற்றி எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

நீ உட்காரும் ஸ்டூல் அப்படியே இருக்கிறது. அத்தனை நெருக்கடியான கடையில் அதன்மேல் ஒரு பூட்டைக்கூட வைக்கவில்லை. பாய் எண்ணெய் விட்டுச் சரி பண்ணினார்.

“உட்காருங்க தங்கச்சி. அன்னைக்கு அவர் பாதியில எழுந்து போனார். லாசரு செத்து நாலு நாளாச்சு, கூடப்பிறந்தவ ஏசுகிட்ட சண்டை போடுறா. மிச்சம் நாளைக்குன்னார். அப்புறம் என்ன ஆச்சு?”

“அடுப்புல சோறு கொதிக்குது பாய்” என்று ஓடி வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வேற கதையே கெடைக்கலையா உனக்கு? தண்ணி மேல நடந்தார், குருடன் கண்ணைத் தொறந்தார், எவ்வளவு இருக்கு! நீர் இங்கே இருந்திருந்தா இவன் செத்திருக்க மாட்டானேன்னு லாசரு கூடப்பிறந்த மார்த்தாள் கேட்டா. நானும் அதைத்தானே கேக்குறேன். அவளுக்குப் பதில் கெடைச்சுது. எனக்கு?

மார்ச் 19

போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். “மிச்சத்தைச் சொல்லிடறேன் பாய்” என்றதும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு கிளாஸ் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

“அவன் எழுந்திருப்பான்னு ஏசு சொன்னார். கடைசி நாள்ல எழுந்திருப்பான், அது எனக்குத் தெரியும்னா மார்த்தாள்.”

பாய் தலையாட்டினார். “அதுல உங்களுக்கும் எங்களுக்கும் சண்டையில்ல. நம்ம பெயிண்டரும் எழுந்திருப்பார் தங்கச்சி. எழுந்ததும் பிரஷ் எங்கேன்னு தேடுவார்.”

சிரித்துவிட்டேன். உனக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சிரிப்பு முடிவதற்குள் அழுகை. பாய் ஒரு சாவிக்கொத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்ததைச் சொல்லாமல் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

“அதுக்கு ஏசு என்ன சொன்னார்னா— கடைசி நாள் எங்கேயோ கெடக்குதுன்னு பாக்காதே. எழுப்புறவன் நான்தான், உன் முன்னாடி நிக்கறேன். என்னை நம்பினவன் செத்தாலும் பிழைப்பான்.”

என் சத்தம் கூடிப்போனது. அந்த வார்த்தை எதுவும் நான் படித்ததில்லை. எல்லாம் உன் பேச்சு, நீ இழுக்கிற இழுப்பு உட்பட.

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். “ஈசா நபி செத்தவங்களை எழுப்பினதை நாங்களும் நம்பறோம், இறைவன் உத்தரவால. ஆனா இந்த வார்த்தைக்கு என்னால வர முடியாது தங்கச்சி. அவர்கிட்டயும் இதைத்தான் சொல்லுவேன்.”

“தெரியும் பாய். சொல்லாம வந்தா அவர் கனவுல வந்து திட்டுவார். லாசரு கல்லறையிலேருந்து வெளியே வந்தான். சுத்தியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து விடச் சொன்னார். அவ்வளவுதான்.”

“தெரியுமே. ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியிருக்கார்.”

“அப்புறம் எதுக்கு என்னைச் சொல்ல வச்சீங்க?”

“பழகிப்போச்சு. சாயங்காலம் யாராவது ஏசுவைப் பத்திப் பேசலைன்னா டீ தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

சபைக்குப் போனேன். “பாய் என்ன சொன்னார்?” என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அக்கா. “அவர் ஒத்துக்கலக்கா. நான் சொல்லிட்டேன்” என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் சட்டையைத் துவைத்தேன். துவைத்துக்கொண்டே ரெண்டு வரி ஜெபம். பெரிதாக ஒன்றுமில்லை. பெயிண்ட் போகவில்லை. நல்லதுதான்.

மார்ச் 24

நான் வாயைத் திறந்தாலே பாய் மெஷினை நிறுத்துகிறார். “ஓடட்டும் பாய், நான் சத்தமா பேசுறேன். அவர் அப்படித்தானே பேசினார்” என்றேன்.

“பேச்சு நடக்கும்போது மெஷின் போட்டதே இல்ல தங்கச்சி. கவனம் சிதறினா விரல் போயிடும். அவர் வந்து உட்கார்ந்தா மெஷினுக்கு ஓய்வு.”

மேலே வந்து ஜன்னலோரம் காய் நறுக்கினேன். யோசித்துப் பார்க்கிறேன். நீ பேசுகிறபோது மெஷின் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. உன் குரல் மட்டும்தான், ஒவ்வொரு வார்த்தையும்.

பாய்க்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. அப்புறம் யாருக்குக் கேட்கணும்னு அவ்வளவு சத்தமா சொன்னே?