கவிதாவின் வளைகாப்பும் என் இடது காலும்

மார்ச் 6, வெள்ளி. மாசாய், மலேசியா

காலையிலேயே வெயில். கிளினிக் நாள். தைராய்டு இன்னும் கூடுதல்தான். மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். நர்ஸ் மிஸ்ஸி சொன்னது: "தைராய்டு கூடுனா பிள்ளத்தாச்சிக்கு ரத்தம் கட்டிக்கிற பயம் கொஞ்சம் அதிகம்மா. ஒரு கால் மட்டும் வீங்குனா, வலிச்சா, உடனே வந்துடணும்."

தலையாட்டினேன். மனம் அதில் இல்லை. ஞாயிறு வளைகாப்பு, கவிதாவுக்கு மட்டும். கொழுந்தன் மனைவி. இருவருக்கும் ஏழாம் மாதம்தான். மாமியார்: "ஒனக்கு ஒடம்பு தேறட்டும்லா, அப்பறம் பாப்போம்."

நான் மெலிகிறேன். அவள் மினுமினுக்கிறாள்.

மார்ச் 7, சனி

வளையல், வெற்றிலை, பூ. எல்லாம் அவளுக்கு. மதியம் முழுக்க உட்கார்ந்து தாம்பூலப் பை கட்டினேன். இடது கெண்டைக்காலில் இழுப்பு. கவிதாவுக்கு ரோஜாக் சாப்பிட ஆசையாம். வாங்கி வர கொழுந்தன் உடனே மோட்டார் சைக்கிளை எடுத்தார். என்னவர் சிங்கப்பூரில் ஓவர்டைம். என் நெஞ்சுப் படபடப்பு யாருக்குக் கேட்கும்?

மார்ச் 8, ஞாயிறு. மருத்துவமனை

காலையில் எழுந்தபோதே இடது கால் வீங்கிக் கனத்தது. மிஸ்ஸி சொன்னது நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பொறாமையில் அவள் நாளைக் கெடுக்கிறாள் என்பார்கள். பொறாமைதானே. சேலையைத் தழையக் கட்டினேன்.

சந்தனம் பூச என் முறை. குனிந்ததும் உயிர் போகிற வலி. கவிதா கீழே பார்த்தாள்.

"அக்கா, ஒரு கால் மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

"ரொம்ப நேரம் நின்னேன்."

"நின்னா ரெண்டும்ல வீங்கணும்?" கொழுந்தனிடம் திரும்பினாள். "காடிய எடுங்க."

"பாதியில எழுந்திரிக்கக் கூடாதுடி" என்றார் மாமியார்.

"வந்து மீதியப் பாத்துக்கலாம் அத்த."

கன்னத்துச் சந்தனத்தோடு என்னுடன் காரில் ஏறினாள். ஸ்கேன் எடுத்தார்கள். காலில் ரத்தக்கட்டு. நெஞ்சுக்கு ஏறியிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் அழுதேன்.

மார்ச் 10, செவ்வாய்

வார்டு. ரத்தம் கட்டாமலிருக்க தினமும் வயிற்றில் ஊசி, பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம். நானே போடப் பழகுகிறேன். வீக்கம் வடிகிறது. என்னவர் லீவு.

மாலை கவிதா ரசம் சோறு கொண்டு வந்தாள். கட்டிலைச் சுற்றி எல்லாருக்கும் அவள் பேச்சுதான். "எப்படித்தான் கவனிச்சாளோ," என்கிறார் மாமியார், வருகிறவர்களிடமெல்லாம்.

கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மனதார. இதோடு பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இத்தனை நாள் அழகி, ஆரோக்கியமானவள். இப்போது நல்லவளும்கூட.