ஒரே பாத்திரச் சமையல்

பிப்ரவரி 3

ஓரகத்தி வந்து இறங்கிவிட்டாள். அவள் வீட்டில் குழாய் உடைந்து தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்களாம். வேலை முடியும்வரை இங்கேதான். ஒரு பெட்டியில் துணி, இன்னொன்றில் டப்பாக்கள். நறுக்கிய வெங்காயம், உரித்த பூண்டு, வேகவைத்த பருப்பு. என் ஃபிரிட்ஜின் நடுத்தட்டைக் கேட்காமலே காலி செய்து அடுக்கினாள்.

"ஞாயித்துக்கிழம கொஞ்ச நேரம் உக்காந்தா போதும்மா, வாரம் பூரா நிம்மதி" என்றாள்.

நிம்மதியாம். போன வாரத்து வெங்காயத்தைத் தின்பதற்குப் பெயர் நிம்மதி.

பிப்ரவரி 5

இன்றைய சமையல் அவளுடையது. அரிசி, பருப்பு, கையில் கிடைத்த காய் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் கொட்டி மூடினாள்.

"தாளிக்க மறந்துட்டீங்களாக்கா?"

"எதுக்கு? இன்னொரு பாத்திரம் கழுவணும்."

கழுவுவதை நினைத்துச் சமைக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். என் கணவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அண்ணிக்கு மரியாதையாம். இந்த மனிதருக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா?

பிப்ரவரி 6

மகள் அடுப்படியில் இருந்தாள். கல்லூரியிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மகள். கேரட் சீவுகிறாளாம் - பாதிக் கேரட் தோலோடு குப்பைக்குப் போனது. என் அடுப்படியில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "விடும்மா, வெந்தா எல்லாம் ஒரே ருசிதான்."

இவளும் ஒரு சமையல்காரி.

பிப்ரவரி 8

எலுமிச்சம்பழத்தை மேடையில் உருட்டிவிட்டு வெட்டினால் சாறு அதிகம் வருமாம். வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

இஞ்சிப்பூண்டு விழுதை ஐஸ் தட்டில் உறையவைக்கிறவளை என்ன செய்வது? கணவரின் மேலதிகாரி வந்திருந்தார். அவசரத்தில் பழச்சாற்றில் நாலு கட்டி போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார் பாவம்.

அவர் போனதும் மகள் பெரியம்மாவின் தோளில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். என் மேல் சாய்ந்து எப்போது சிரித்தாள்?

பிப்ரவரி 13

காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. பீன்ஸ் கிள்ளிக்கொண்டே மகள் சொல்கிறாள் - கல்லூரியில் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லையாம். மத்தியானம் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பாடாம்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா எப்பவும் அடுப்புகிட்டயே நிப்பாங்க பெரியம்மா. உள்ள போனாலே, தள்ளு, மேல படப்போகுதும்பாங்க."

மூணு அடுக்கு டப்பால கட்டிக் குடுத்தேனே. நேத்து செஞ்சது இன்னைக்குன்னு ஒரு நாள் குடுத்திருப்பேனா? அதையா படியில உக்காந்து ஒத்தையா - எங்கிட்ட சொல்லல. வெங்காயத்த டப்பால அடைக்கிறவகிட்டப் போய்ச் சொல்றா. சொல்லட்டும். எனக்கென்ன?



பிப்ரவரி 17

ஓரகத்தி கிளம்பிவிட்டாள். டப்பாக்களை எனக்கே விட்டுவிட்டாள். "வச்சுக்கோ, உனக்கு உதவும்." இந்தப் பெருந்தன்மைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

பிப்ரவரி 18

அடுப்படி சுத்தமாக, சத்தமில்லாமல் இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்.

பிப்ரவரி 20

சாயங்காலம் மகள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

"இந்த உருளைக்கிழங்க நறுக்கித் தர்றியா? எனக்குக் கை வலிக்குது."

கை வலிக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். ஒரு துண்டு சுண்டுவிரல் பருமன், அடுத்தது என் கைப்பிடி பருமன். இதை எந்த அடுப்பில் வைத்தாலும் ஒன்று கூழாகும், மற்றது வேகாது. பார்க்கச் சகிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "அம்மா, காலேஜ்ல..." என்று ஆரம்பித்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். நறுக்கிக்கொண்டே பேசினாள். கிழங்கு தீர்ந்துவிட்டது, அவள் இன்னும் முடிக்கவில்லை. கூடையிலிருந்து இன்னும் நாலைந்து கிழங்கை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.