மாமன் மடியில் வந்த தூக்கம்

மாமா,

நேற்று தேனியில் என் மூக்கின் மேல் ஒரு ரப்பர் மூடியை வைத்தார்கள். புது ரப்பர் வாசம், அதற்குள் லேசாக ஒரு தித்திப்பு. கடைவாய்ப் பல் ஒன்று வளரும்போதே கோணலாகப் படுத்துக்கொண்டு வலி கொடுத்தது. அதை எடுக்கத்தான் போயிருந்தேன். "ஊசி மட்டும் போதுமா, கேஸும் வைக்கவா?" என்று டாக்டரம்மா கேட்டார். மீசை வச்ச ஆளுக்கு எதுக்கு கேஸு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது, "வைங்க டாக்டர், நல்லாவே வைங்க."

இது முழு மயக்கம் இல்லை மாமா. பேசினால் காதில் விழும், பதிலும் சொல்லலாம். பயம் மட்டும் நம்மைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலோடு நின்றுவிடும், உள்ளே வராது. கொஞ்ச நேரத்தில் கால் ரெண்டும் என்னுடையதுதானா என்று சந்தேகம். பல்லைக் குடைகிற மிஷின் சத்தம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், மேட்டில் மூச்சிரைத்து ஏறும் ஜீப் சத்தமானது. திராட்சைப் பந்தல்களுக்கு மேலே, ஒரு இலையைக்கூட அசைக்காமல், உங்க ஜீப் மிதந்து வந்தது. அதே பச்சை. அதே கிழிந்த படுதா. நீங்க ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க மாப்ளே, என்ன முழிக்கிறீக?" என்றீங்க. ஏறிவிட்டேன்.

அதே ஜீப்பில்தான் என் மகள் மலரை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அப்போது அவள் சின்னப் பிள்ளை. இப்போதும் பேச்சு அதிகம் இல்லை, அப்போது அதுவும் இல்லை. முகத்தை யாரும் தொடக் கூடாது, பெற்றவர்களானாலும் சரி. கடைவாயில் ரெண்டு பக்கமும் சொத்தை விழுந்துவிட்டது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கன்னத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவாள். சோறு இறங்காமல் பாதி ஆளாகிப் போனாள். முதலில் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோமே, அங்கே வாயைத் திறக்க வைக்கிறோம் என்று கையை ஒருத்தர், காலை ஒருத்தர் பிடித்தார்கள். தலையைப் பிடித்தது நான். வாசலில் நின்ற நீங்க உள்ளே வந்து போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"விடுங்கப்பா! மாட்டுக்கு லாடமா அடிக்கிறீக?"

அவளைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டீங்க. என்னை ஏற்றவே மறந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தீங்க.

கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குத் தினம் நீங்க ஏற்றிப்போகும் பெண்களில் ஒருத்தர்தான், தேனியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பல் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று சொன்னது. நீங்க வந்து சொன்னதும் உங்க தங்கச்சி ஒரே கேள்வி கேட்டாள். "தூங்க வச்சு எந்திரிக்கலன்னா என்னண்ணே செய்றது?" என் பெண்டாட்டியை நீங்க தங்கச்சி என்றும், அவள் உங்களை அண்ணன் என்றும் அழைத்தது வாய் வார்த்தைக்கு இல்லை. கூடப் பிறந்தவன் இல்லாதவளுக்கு அந்த இடத்தில் நீங்கதான் நின்றீங்க. நீங்க என் முகத்தைப் பார்த்தீங்க. பத்தாவதைத் தட்டுத் தடுமாறித் தாண்டிய அறிவோடு, "அதெல்லாம் சயின்ஸு, உனக்குப் புரியாது" என்று நான் சொன்னேன். எனக்கும் புரியவில்லை என்பது பின்வாசலில் போய் நான் அழுதபோது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"வெறும் வயிற்றோடு கூட்டிட்டு வாங்க, வாயில் எதுவும் போடக் கூடாது" என்று டாக்டரம்மா போனிலேயே சொல்லியிருந்தார். இட்லி கொடுக்கவில்லை, பால் கொடுக்கவில்லை. வீட்டில் உலையே வைக்கவில்லை. சின்னமனூர் வருவதற்கு முன்னால் உங்க சிநேகிதர் தோட்டத்து வாசலில் நின்று ஜீப்பை மறித்தார். நம் பக்கத்தில் தோட்டத்தைத் தாண்டிப் போகிறவருக்கு ஒரு கொத்துப் பழம் கொடுக்காமல் விட்டால் மரியாதை இல்லை. கொடுத்ததை வாங்காமல் போனால் அதைவிட மரியாதை இல்லை. பன்னீர் திராட்சை, பனி கூடக் காயவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "காலையில் ஏதாவது சாப்பிட்டாளா?"

"பச்சத் தண்ணி கூடப் படல" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவர் உங்க வாயையே பார்த்தார். "உங்க நாக்கு ஏன் ஊதாவா இருக்கு?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர். வார வழியில ரெண்டு திராட்சை."

"பாப்பா?"

"அவளும் ஒரு கொத்து. அது என்ன சாப்பாடா?"

அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், மூச்சே நின்றுவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார். அடுத்த வாரம் வரச் சொன்னார். கையில் ஒரு மூக்கு மூடியைக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பழக்கச் சொன்னார். வீரபாண்டியில் ஜீப்பை ஓரங்கட்டி இறங்கி, நாக்கின் ஊதா போகும் வரை வாயைக் கொப்பளித்தீங்க.

அந்த வாரம் முழுக்க அவள் சுவரில் மோதினாள். சாயங்காலம் ஆனால் நீங்க வந்துவிடுவீங்க. மூக்கு மூடியை மாட்டிக்கொண்டு குறட்டை விடுவீங்க. மாட்டியபடியே கம்பம் பஜாருக்குள் ஜீப்பை ஓட்டினீங்க. "என்ன பாய், ஏரோப்பிளேன் ஓட்டப் போறீகளா?" என்று கடைக்குக் கடை கேலி. மலர் பின் சீட்டில் இருந்து உங்க மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுபடி கிளம்பிய காலையில் சொன்னீங்க. "நம்ம ரெண்டு பேத்துக்கும் சாப்பாடுன்னா எதுன்னே தெரியல மாப்ளே. அதனால இன்னைக்கு நானும் நோன்பு."

"நோன்பு மாசம் இல்லையே மாமா?"

"எனக்கும் ஆண்டவனுக்கும் உள்ளது. உங்களுக்கென்ன?"

"அப்ப நானும். எச்சி முழுங்கலாமா?"

"முழுங்குங்க. திராட்சைய மட்டும் முழுங்கீறாதீக."

சின்னமனூர்த் தோட்டக்காரர் கையில் கொத்தோடு குறுக்கே வந்தார். நீங்க ஜீப்பை நிறுத்தவே இல்லை. அதற்காக அவர் வெகுநாள் உங்களோடு பேசாமல் இருந்தார்.

"அப்பா மட்டும் உள்ள வாங்க" என்றார் டாக்டரம்மா.

"இவரு உள்ள வந்தா மொதல்ல இவருக்குத்தான் மயக்கம் குடுக்கணும்" என்றீங்க. பிறகு குரல் தணிந்தது. "டாக்டர், எங்க ஊர்ல புள்ளைக்குக் காது குத்துறப்ப தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வப்பாக. இவளுக்கு என் மடியிலதான் குத்துனாக. அன்னைக்கு மட்டுந்தான் இவ முகத்தத் தொட விட்டா. இதுக்கும் என் மடியிலயே ஒக்காரட்டுமே."

அவர் என் நெற்றித் திருநீற்றையும் உங்க தாடியையும் மாறி மாறிப் பார்த்தார். கூட நின்ற மயக்க டாக்டர்தான் சிரித்துவிட்டு, "வரட்டும். தூங்கினதும் வெளியில் போயிடணும்" என்றார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்காலியில் நீங்க, உங்க மடியில் அவள். மூடியை முதலில் நீங்க வைத்துக் காட்டினீங்க. அவள் உங்க மூக்கில் இருந்து அதைப் பிடுங்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. தோள் தளர்ந்தது, விரல் தளர்ந்தது, தலை உங்க நெஞ்சில் சாய்ந்தது. "மேட்ல ஏறி முடிச்சு, இறக்கத்துல நியூட்ரல்ல விட்ட மாதிரி போனா மாப்ளே" என்று வெளியே வந்து சொன்னீங்க. சட்டையெல்லாம் வேர்வை.

பிறகு ஊசி வழியாக மருந்து கொடுத்து வேலையைத் தொடங்கினார்கள். மயக்க டாக்டர் அவள் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை. உங்க உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் வீரபாண்டி மாரியாத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். வருகிற போகிற நர்ஸிடமெல்லாம் "மூச்சு விடுறாளாம்மா?" என்று கேட்டேன். "உங்களவிட நல்லா விடுறா" என்றது ஒரு நர்ஸுப் பிள்ளை. உங்க தங்கச்சி கதவையே பார்த்திருந்தாள். வெளியே வெயில் ஏறியது. எனக்கு அது நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

கூப்பிட்டார்கள். போனோம். கண் பாதி திறந்து கிடந்தாள், வெகுதூரத்தில் இருந்து எங்களைப் பார்ப்பவள் போல. நாக்கு பல் இருந்த இடத்தைத் தேடிப் போனது. அவள் அம்மா "ஆத்தா..." என்றாள். மலர் சொன்னாள்.

"பசி."

அதுவரை அவள் எங்களிடம் பசி என்று கேட்டதே இல்லை. டாக்டர் சொன்ன நேரம் வந்ததும் ஆறிய கஞ்சியை நீங்கதான் ஊட்டினீங்க. நீங்க பொழுது சாயும் வரை தண்ணீர்கூடத் தொடவில்லை. என் நோன்பு சின்னமனூர்ப் புரோட்டாக் கடை வாசலோடு முடிந்தது. "உங்க நோன்பு ஆண்டவனுக்குத் தெரியாமயே போயிருச்சு மாப்ளே" என்றீங்க.

மறுவாரம் பிரஷ்ஷோடு வீட்டுக்கு வந்தீங்க. "இனிமே பல்ல நீங்கதான் தேய்ச்சு விடணும். தொடுறதுக்கு முன்னால சொல்லிட்டுத் தொடுங்க. நான் வெளிய வாறப்பக் கேட்டேன், அந்த டாக்டரம்மா, தூங்குற புள்ளகிட்டயும் 'இப்பக் கன்னத்தத் தொடுறேன், இப்ப வாயத் தொறக்குறேன்'னு சொல்லிக்கிட்டேதான் தொட்டாக. நாம முழிச்சிருக்க புள்ளகிட்டக் கூடச் சொல்றதில்ல." முதலில் கடித்தாள். என் ரெண்டு விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் விடவில்லை. தரையில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்து, "தொடுறேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுத் தொடுவேன். ஒருநாள் வாயைத் திறந்தாள். அதற்கப்புறம் பிரஷ்ஷைக் கண்டு மூடியதே இல்லை, நல்ல பல்லாக வரிசையாக இருக்கிறது.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்க எழுந்திருக்கவில்லை. உங்களைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒரு தோள் கொடுத்தேன். மலரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தீங்க. தொட முடியாததை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுக்கவில்லையே மாமா.

நேற்று வாயில் பஞ்சோடு வீடு வந்து சேர்ந்தேன். கேஸ் எப்போதோ தெளிந்துவிட்டது, மரப்பும் விட்டுவிட்டது. கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. மலர் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி, கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்படியே நிறுத்தினாள்.

"தொடுறேன்" என்றாள்.

தொட்டாள். வலித்தது மாமா. நான் அசையவில்லை. பஞ்சை எடுத்து வைத்துவிட்டு, அவள் பார்க்கட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து காட்டினேன்.