செங்கல்லை நம்பி நிறுத்திய கார்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க. சாவியைத் தேடாதீங்க, காரை நான்தான் எடுத்துட்டுப் போறேன்.

நேத்து அது சரிவுல உருண்டு எதிர்வீட்டு கேட்டுல முட்டினதுக்கு நான் காரணமாம்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கழுவிட்டு நிறுத்தினது நீங்க. தினம் இழுத்தா ஹேண்ட்பிரேக் தேஞ்சுடும்னு சக்கரத்துக்கு அடியில செங்கல் வச்சதும் நீங்க.

கால் பிரேக்கை மிதிச்சபடியே ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுக்கணும், கியர்ல போடணும், அப்புறம்தான் காலை எடுக்கணும். சமதரையிலயும் அப்படித்தான். நான் தினம் இழுக்கத்தான் போறேன்.

எதிர்வீட்டுல நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க.

முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன்.

இந்தச் சீட்டு பறக்காம இருக்க உங்க செங்கல்லைத்தான் மேல வச்சிருக்கேன். இதையாவது அது ஒழுங்கா நிறுத்தி வைக்குதான்னு பாருங்க.