மூன்றாம் எண் பாட்டில்

அம்மாவுக்கு உன் மகள் எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே, இடது கையால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் ஒயின் கடைக்கு ஞாயிறுதோறும் பணக்கார ஒயின் ரசிகர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவார்கள். எது யாருடையது என்று தெரியாதபடி நான் தாள் சுற்றி, எண் போட்டு, ஊற்றித் தருவேன். ருசி பார்த்துத் தரம் சொல்வார்கள்.

போன ஞாயிறு மூன்றாம் எண்ணை வாயில் வைத்ததுமே பல் டாக்டர் துப்பினார். "கழுநீர்! காசுக்குக் கேடு! இதக் கொண்டுவந்தவன செருப்பால அடிக்கணும்!"

இருபது வருஷம் பொத்திவைத்த தன் பாட்டிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்த வக்கீல், அவரைச் சுவரில் மோதி மூக்கை உடைத்தார். டாக்டர் வக்கீலின் காதைக் கடித்துக் கிழித்தார். எல்லாம் படித்தவர்கள்!

சண்டையை நிறுத்தலாமென்று நான் தாளைக் கிழித்துக் காட்டினேன். அது டாக்டர் கொண்டுவந்த பாட்டிலேதான். ரத்தம் வழிய வழிய வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். அவமானத்தில் டாக்டர் அந்தப் பாட்டிலை உடைத்து என்மேல் வீசினார். வலது கையில் பதினொரு தையல், அவ்வளவுதான்.

அப்பாவிடம் கதவில் நசுங்கியது என்று சொல். தொளதொள நைட்டி இரண்டு அனுப்பு. முடியை வெட்டிக்கொள்ளட்டுமா அம்மா? ஒற்றைக் கையால் பின்ன வரவில்லை. பக்கத்து அறைக்காரி பின்னிவிடுகிறேன் என்கிறாள். நான்தான் வேண்டாம் என்றேன். யாராவது தலையில் கை வைத்தால் அழுதுவிடுவேன்.

கடைக்கு நேரமாச்சு.