சேற்றில் தோட்டம் போட்ட மதினிக்கு

என் ஆசை மதினி,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நம் நோர்வூட் தேயிலை மலைப் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அங்கேயும் மழை உண்டா?

சுதந்திரம் வந்த வருஷம் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ராகலையிலிருந்து வந்தீர்கள். வந்த வாரமே எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போய் நின்றீர்கள். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் வந்து தேங்கும் சகதி அது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகும் இடம். நீங்களோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, நல்ல ஈரம், இங்கேதான் தோட்டம் என்றீர்கள். அண்ணனுக்கு நல்ல பெண்டாட்டிதான் வாய்த்தாள் என்று நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

தோட்டம் என்றதும் அண்ணன் என்ன செய்தார்? தண்ணீர் வடியக் கான் வெட்டுவதுதானே அவர் வேலை. மலையில் தண்ணீர் நின்றால் தேயிலை வேர் அழுகும் என்று அதை வடியவிட்டே பழகிய கை. நீங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் சகதிக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கானை வெட்டிவிட்டுப் பெருமையாக நின்றார். லயமே மெச்சியது. அதற்குப் பிறகு நீங்கள் வைத்த சேம்பும் வல்லாரையும் அடுத்த வெயிலில் சுருண்டு போயின.

நானாக இருந்தால் மம்பட்டியைப் பிடுங்கி வீசியிருப்பேன். நீங்கள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"தேயிலைக்குத்தாங்க கால் நனையக்கூடாது. இதுகளுக்கு நனஞ்சாத்தான் உசுரு. அந்தக் கான அடச்சுக் குடுங்க."

கான் வெட்டியே பேர் வாங்கிய மனுஷன், வெட்கப்பட்டுக்கொண்டே தான் வெட்டிய கானை அடைத்தார். களிமண்ணைக் கொட்டி இரண்டு பேரும் மிதித்தீர்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

செடி பொறுக்கியெடுப்பதில் உங்களை யார் மிஞ்ச முடியும்? அக்கம்பக்கத்தார் ஆசையாகக் கொடுத்த ரோஜாக் கம்பையும் சாமந்தியையும் ஈரம் தாங்காது என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அழுக்குத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் கல்வாழை. குழியில் சேம்பு. தண்ணீர் தெளிந்து கசியும் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும். நடுவே வசம்பு. இரண்டே வருஷத்தில் நாற்றம் போய், சிவப்பும் மஞ்சளுமாய்க் கல்வாழை பூத்து நின்றபோது, பீலிக்குப் போகிறவர்கள் வேண்டுமென்றே அந்த வழியாகச் சுற்றிப் போனார்கள்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று வாய் கூசாமல் பேசிய லயம் இது. அதே லயத்தில் எந்தக் குழந்தை வயிறு வலித்து வீறிட்டாலும், கேட்பதற்கு முன்பே வசம்பைச் சுட்டு உரைத்துக்கொண்டு போய் நின்றீர்கள். அந்த மனசு எனக்கு வராது மதினி. எத்தனை ஜென்மம் எடுத்தாலும் வராது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு காலையில் அண்ணன் மம்பட்டியோடு போய், அடைத்த கானைத் திறந்துவிட்டார். அவ இல்லாத இடத்தில் இது எதற்கு, பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிகிறது என்றார். நான் கத்தினேன், கையைப் பிடித்து இழுத்தேன். கேட்கவில்லை. தண்ணீர் சலசலவென்று இறங்கிப் போனது.

கீரை பறிக்க வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய தகரடப்பாக்களை எடுத்து வந்து, ஆளுக்கொரு செடியை மண்ணோடு பெயர்த்தார்கள்.

"எங்கம்மா கொண்டுபோறீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்க வீட்டு வாசல்ல வச்சுத் தண்ணி ஊத்திக்கிறோம்ணே. அக்கா வச்சது சாகக்கூடாது."

 அண்ணன் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். களிமண்ணை அள்ளிப் போட்டுக் கான் வாயை மிதிக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு அவ சொல்லி அடச்சேன். இன்னிக்கு அவ சொல்லாமலே அடைக்கிறேன்."

மிதித்துக்கொண்டே அழுதார் மதினி. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத மனுஷன், குழந்தை மாதிரி அழுதார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் இறங்கினேன்.

கவலைப்படாதீர்கள். அவரையும் சரி, சேற்றையும் சரி, நான் காயவிடமாட்டேன்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
பொன்னம்மா