ஓடையில் இல்லாத புழு

அம்மாவுக்கு ரெவி எழுதிக்கொள்வது. உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அலுப்பு மட்டும்தான்.

நேற்று பனியாறு உருகி வரும் ஓடையில் நின்று, கற்களைக் காலால் கிளறி, கணக்கெடுப்புக்காகப் பூச்சிகளை வலைக்குள் விரட்டிக்கொண்டிருந்தேன். வழுக்கிவிட்டது. "பூச்சியப் பிடிடான்னா நீயே வலைக்குள்ள வந்து விழுறியே!" என்று வலையைப் பிடித்திருந்த ஃபெர்கஸ் சிரித்தான். இடுப்புவரை நனைந்ததோடு சரி, பயப்படாதே.

போன வருஷம் அந்த இடத்தில் ஒரே வகைப் புழுதான் இருந்தது. கடுங்குளிர்த் தண்ணீரில் மட்டுமே பிழைக்கும். பனி மலைமேல் பின்வாங்கியதில் தண்ணீரில் இப்போது பழைய குளிர் இல்லை. நேற்று வலையில் ஐந்து வகை. "அஞ்சுடா! ஓடை செழிச்சிருச்சு!" என்று ஃபெர்கஸ் குதித்தான். நான் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். பழைய புழுவைக் காணோம். சொன்னதும் அவன் சிரிப்பு அடங்கிவிட்டது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீ புகைபோட்ட விலாங்கு மீனும் கொஞ்சம். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா பிள்ளைகள் எல்லாரும் வருவார்களே, உனக்குப் பொழுது போய்விடும்.

ஃபெர்கஸ் வண்டியைக் கிளப்பிவிட்டான், நிறுத்துகிறேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு யாராவது வீடு நிறைந்திருக்கிறது என்று சொன்னால், "ரெவி இல்லையே" என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு அம்மா.

உன் ரெவி